நீங்களே செய்த டீப்பாய்க்கு நிறமும் பாலிஷும்: முதல்முறை இறங்குபவர்களுக்கு

பலகை அறுத்து, சட்டம் சேர்த்து, கால் மாட்டி, ஆடாமல் நிற்கிறதா என்று நாலு மூலையிலும் அழுத்திப் பார்த்தாகிவிட்டது. டீப்பாய் தயார். பெரும்பாலோர் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். ஒரு டப்பா வார்னிஷ் வாங்கிவந்து இன்று சாயங்காலத்துக்குள் அடித்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். நான் முதன்முதலில் செய்த பெஞ்சை அப்படித்தான் கெடுத்தேன். பைன் பலகையில் நேராக அடர்ந்த பழுப்பு நிறத்தை ஏற்றினேன். காய்ந்த பிறகு பார்த்தால் தேமல் படர்ந்த மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. மரப்பசை வழிந்திருந்த இடங்களில் நிறமே ஏறவில்லை. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து மறுபடி தொடங்க, பெஞ்சைச் செய்ததைவிட அதிக நாள் ஆனது. அதில் கற்றுக்கொண்டதையும் அதற்குப் பின் பழகியதையும் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். நிறம் ஏற்றுவது ஒரு வேலை, மரத்தைக் காப்பது இன்னொரு வேலை. ஸ்டெயின் நிறம் தரும், அவ்வளவுதான். தண்ணீரையோ எண்ணெய்க் கறையையோ கீறலையோ அது தடுக்காது. அதற்கு மேல் பூசுகிற அரக்கு, வார்னிஷ், பி.யூ. (பாலியூரிதேன் என்கிற செயற்கைப் பிசின் பூச்சு) போன்றவைதான் காப்பு. இரண்டும் கலந்து ஒரே டப்பாவில் வருவதும் உண்டு. புதியவர்கள் அதை வாங்க வேண்டாம் என்பேன். பிரஷ் இரண்டுமுறை போன இடத்தில் நிறம் தடித்துவிடும், பிறகு சரிசெய்ய வழியில்லை.

மரமும் காலமும்

கையில் இருப்பது என்ன மரம் என்பதைப் பொறுத்தே மற்ற முடிவுகள். புதிதாகத் தச்சு பழகுபவர்கள் பலர் பேக்கிங் பெட்டி பைனில்தான் தொடங்குகிறார்கள். விலை குறைவு, அறுக்க எளிது. ஆனால் நிறம் ஏற்றுவதில் மிகவும் படுத்துகிற மரமும் அதுதான். அதன் வெளிறிய வரி நிறத்தை உறிஞ்சிக் குடிக்கும், பக்கத்திலுள்ள கடினமான வரி குடிக்காது. முடிச்சுகளில் பிசின் வேறு இருக்கும். ரப்பர் மரம் வெளிறிய, சீரான மரம். நிறத்தை ஓரளவு ஒழுங்காக வாங்கிக்கொள்ளும்.

தேக்கு கிடைத்திருந்தால் தயவுசெய்து நிறம் ஏற்றாதீர்கள். அந்தத் தேன் நிறத்துக்காகத்தானே தேக்கு வாங்குகிறோம். காப்புப் பூச்சு மட்டும் போதும். அதையும் ஒரு முன்வேலை செய்துவிட்டுப் பூசுங்கள். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, சில பூச்சுகளை அது காயவிடாது. பூசுவதற்குச் சற்று முன்பு தின்னரில் நனைத்த துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்துவிட்டால் பூச்சு பிடித்துக்கொள்ளும்.

மரத்தில் பொடிப் பொடியாக மாவு கொட்டுகிறதா, குண்டூசித் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. பூச்சு அடித்துவிட்டால் மருந்து உள்ளே இறங்காது. ஆகவே பூச்சி மருந்து வேலை முதலில் முடிய வேண்டும்.

அப்புறம், நாள் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். காற்றில் ஈரம் மிகுந்தால் பூச்சு காய நாளாகும், அரக்குப் பாலிஷ் வெள்ளை பூத்துவிடும். மாசி, பங்குனி நல்ல காலம். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வைத்து அடித்தாலும் கெடும். மேல்தோல் சட்டென்று காய்ந்து உள்ளே கொப்புளம் கட்டும். காலை 8 மணிக்கு மேல், நிழலில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். மின்விசிறி வேண்டாம், தூசியைக் கொண்டுவந்து ஈரப் பூச்சின் மேல் போடும்.

தேய்ப்பு

மொத்த வேலையில் பாதிக்கு மேல் இதுதான். நிறம் நன்றாக வருவதும் வராததும் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

உப்புத்தாளில் 80, 120, 180, 220, 320 எண்களில் மூன்று நான்கு தாள்கள் வாங்குங்கள். எண் கூடக் கூட மணல் நைசாகும். ரம்பத் தடம், இழைப்புளித் தடம் தெரிந்தால் 80-இல் தொடங்க வேண்டும். இல்லையென்றால் 120 போதும். கடையில் மெஷினில் இழைத்து வாங்கிய பலகை வழவழவென்று இருக்கிறதே, இதை எதற்குத் தேய்ப்பது என்று தோன்றும். மெஷின் கத்தி குறுக்காக மெல்லிய அலைகளை விட்டிருக்கும். இப்போது தெரியாது, நிறம் ஏறியதும் படிக்கட்டு மாதிரி தெரியும். எனவே அதையும் தேய்க்க வேண்டும்.

தாளை வெறுங்கையில் பிடித்துத் தேய்த்தால் விரல் அழுத்துகிற இடம் பள்ளமாகும். உள்ளங்கை அளவு கட்டை ஒன்றில் பழைய ரப்பர் செருப்பின் அடியை வெட்டி ஒட்டி, அதன் மேல் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். எப்போதும் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்காகத் தேய்த்த ஒவ்வொரு கீறலிலும் நிறம் தங்கிக் கறுப்புக் கோடாக நிற்கும். கால் வந்து சட்டத்தில் சேரும் மூலையில்தான் இந்தத் தவறு அதிகம் நடக்கிறது. முடிந்தால் அந்தத் துண்டுகளைப் பூட்டுவதற்கு முன்பே தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா இடமும் தேய்ந்ததா என்று எப்படித் தெரிவது? பென்சிலால் பலகை முழுக்க லேசாக வளைகோடு கிறுக்குங்கள். கோடுகள் எல்லாம் மறையும்வரை தேயுங்கள். பிறகு அடுத்த எண்ணுக்குப் போகும்போது மறுபடி கிறுக்குங்கள். எண்ணைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. 80 போட்ட கீறலை 120 எடுக்கும், 220-ஆல் எடுக்க முடியாது.

நிறம் ஏற்றுவதாக இருந்தால் 180-இல் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் மரத்தின் துளைகள் அடைபட்டு நிறம் வெளிறிப்போகும். பலகையின் வெட்டுமுனைகள் மட்டும் விதிவிலக்கு. மரத்தின் குழாய்கள் அங்கேதான் வாய் திறந்து நிற்கின்றன, நிறத்தை அள்ளிக் குடித்துக் கறுத்துவிடும். அந்த முனைகளை 320 வரை தேய்த்து வைத்தால் மேற்பரப்புக்கு ஒத்துவரும்.

இப்போது ஈரத்துணியால் முழுப் பரப்பையும் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். தண்ணீர் பட்டதும் நார்கள் சிலிர்த்துக்கொண்டு நிற்கும், கை வைத்தால் சொரசொரக்கும். காய்ந்த பிறகு 220 தாளால் அழுத்தாமல் ஒரு தடவு தடவினால் அடங்கிவிடும். இப்போதே இதைச் செய்யாவிட்டால், நீரில் கலந்த ஸ்டெயின் பட்டவுடன் அதே சிலிர்ப்பு வரும். அப்போது தேய்த்தால் நிறமும் சேர்ந்து போகும்.

துடைக்கும்போதே இன்னொன்றும் பாருங்கள். ஈரத்தில் மரம் கறுக்கும், பசை இருக்கும் இடம் மட்டும் வெளிறித் தெரியும். அதுதான் நான் என் பெஞ்சில் கவனிக்காமல் விட்டது. உளி முனையால் சுரண்டி, மறுபடி தேய்த்துவிடுங்கள். கடைசியாக, இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பலகையோடு படுக்கவைத்து ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சிப் பாருங்கள். பகலில் ஒளிந்திருந்த கீறல், பள்ளம் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும்.

தேய்க்கும்போது நல்ல முகக்கவசம் அணியுங்கள். கைக்குட்டை போதாது, என்95 வகை வேண்டும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. ஒரு டீப்பாயில் ஒன்றும் ஆகிவிடாதுதான். ஆனால் இந்த வேலை பிடித்துப்போனால் ஒன்றோடு நிற்கமாட்டீர்கள்.

ஆணித்துளை, வெடிப்புகளுக்குப் பட்டி வைப்பதை இப்போது செய்ய வேண்டாம். பட்டி மரம்போல நிறத்தை வாங்காது. நிறம் ஏற்றி, முதல் கோட் காப்பும் பூசிய பிறகு, அந்த நிறத்துக்கு ஒத்த பட்டியைக் கலந்து வைத்தால் கண்ணில் படாது.

துண்டுப் பலகையில் சோதனை

அறுத்து மிஞ்சிய துண்டுகளை எறிந்துவிடவில்லையே? டீப்பாய் செய்த அதே பலகையின் துண்டாக இருக்க வேண்டும், அதையும் அதே எண்கள்வரை தேய்த்திருக்க வேண்டும். கடையில் காட்டும் நிற அட்டையை நம்பாதீர்கள். அது வேறு மரத்தில் பூசியது. துண்டில் நிறம் ஏற்றி, காயவிட்டு, மேல்பூச்சும் பூசிப் பார்த்த பிறகுதான் உங்கள் நிறம் எது என்று தெரியும். ஒரு துண்டில் நேராக நிறம், இன்னொன்றில் கீழே சொல்கிற அரக்குத் தண்ணீர் பூசிய பிறகு நிறம். இரண்டையும் பின்பக்கம் பென்சிலால் குறித்து வையுங்கள். இதற்கு இரண்டு நாள் போகும். அந்த இரண்டு நாளைக் கொடுத்துவிடுங்கள்.

பைனில் திட்டு விழாமல் தடுப்பது இந்த அரக்குத் தண்ணீர்தான். அரக்கு என்பது பலாசு, பூவம், இலந்தை மரக் கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கிற பிசின். இந்தியாவில் அது அதிகம் விளைவது ஜார்க்கண்டில். ராஞ்சிக்குப் பக்கத்தில் 1924-லேயே அதற்கென்று ஓர் ஆய்வு நிலையம் தொடங்கியிருக்கிறார்கள். செதில் செதிலாகக் கிடைக்கும். கால் லிட்டர் பாலிஷ் ஸ்பிரிட்டில் 25 கிராம் செதிலைப் போட்டு ஓர் இரவு விட்டால் கரைந்துவிடும். அடியில் கலங்கலாகப் படிவது மெழுகு. மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள், மெழுகின் மேல் பி.யூ. சரியாக ஒட்டாது. இந்த நீர்த்த கரைசலை ஒரு கை பூசி, ஒரு மணி நேரம் காயவிட்டு, 320 தாளால் லேசாகத் தடவிவிடுங்கள். அதிகம் குடிக்கும் இடங்கள் பாதி அடைபட்டு, நிறம் சீராக இறங்கும். அடர்த்தி சற்றுக் குறையும், அது பரவாயில்லை.

கரைத்த அரக்கு நாள்பட்டால் கெட்டுவிடும். ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்ததைப் பூசினால் பிசுபிசுவென்று காயாமலே நிற்கும். கடையில் கரைத்துப் புட்டியில் விற்பதை வாங்கினால் எப்போது கரைத்தது என்று கேட்டு வாங்குங்கள். அந்த ஸ்பிரிட் விஷம், சட்டென்று தீப்பிடிக்கவும் செய்யும். குழந்தைகள் கைக்கும் அடுப்புக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

நிறம் ஏற்றுதல்

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். டப்பாவைக் குலுக்காமல் அடிவரை குச்சி விட்டுக் கிளறுங்கள், நிறப்பொடி அடியில் படிந்திருக்கும். இடையிடையேயும் கிளற வேண்டும். துடைக்கப் பழைய பருத்தி பனியன் துணி சிறந்தது. பெயிண்ட் கடையில் பனியன் வேஸ்ட் என்று கேட்டாலே எடை போட்டுத் தருவார்கள்.

டீப்பாயைக் கவிழ்த்து வைத்து அடிப்பக்கம், கால்கள் என்று தொடங்குங்கள். கை பழகும், தவறினாலும் வெளியே தெரியாது. மேல்பலகை கடைசியில். துணியை நனைத்து ஒரு பலகையின் நீளம் முழுவதும் தாராளமாகத் தடவுங்கள். ஐந்து நிமிடம் விட்டு, காய்ந்த துணியால் ரேகையோடு துடைத்து எடுங்கள். மிச்சத்தை முழுக்க எடுத்துவிட வேண்டும். மேலே தங்கி நின்றால் அது காயாது, அதன் மேல் எந்தப் பூச்சும் பிடிக்காது. ஒரு பலகையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போன் பேசப் போகாதீர்கள், நிறுத்திய இடத்தில் கோடு விழும். நிறம் போதவில்லை என்றால் மறுநாள் இரண்டாவது கை.

காய்ந்ததும் மரம் செத்துப்போன மாதிரி மங்கலாகத் தெரியும். கெட்டுவிட்டதோ என்று பயந்துவிடாதீர்கள். காப்புப் பூச்சு பட்டவுடன் ரேகையெல்லாம் உயிர்பெற்று எழும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு அந்த நிமிடம் சலிப்பதே இல்லை.

கடுக்காயில் ஒரு கறுப்பு

கடையில் நிறம் வாங்காமலே, நல்ல ஆழமான கறுப்பு கொண்டுவர ஒரு வழி இருக்கிறது. நம் ஊரில் அது துணிக்குப் பழைய வழி. கலம்காரித் துணியைக் கடுக்காயில் தோய்த்து, துருப்பிடித்த இரும்பை வெல்ல நீரில் ஊறவைத்த சாற்றால் கோடு வரைவார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு பிறக்கும். அதே வேதியல் மரத்திலும் நடக்கிறது.

ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வெள்ளை வினிகர் ஊற்றி, ஒரு கைப்பிடி இரும்பாணியைப் போட்டு ஒரு வாரம் வையுங்கள். பாத்திரம் தேய்க்கிற பளபளப்பான கம்பிச்சுருள் துருப்பிடிக்காத எஃகு, அது வேண்டாம். மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு உண்டாகும். இன்னொரு பக்கம், நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்த் தூள் 50 கிராம் வாங்கி அரை லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். பைன், ரப்பர் மரம் போன்றவற்றில் துவர்ப்பு மிகக் குறைவு, அதனால்தான் கடுக்காய்.

முதலில் கடுக்காய்த் தண்ணீரைப் பூசி, நன்றாகக் காயவிட்டு, 220 தாளால் தடவுங்கள். அதன்மேல் இரும்புத் தண்ணீரை வேறு பிரஷால் பூசுங்கள். ஒரே பிரஷை இரண்டிலும் நனைத்தால் பாத்திரத்திலேயே மையாகிவிடும். பூசிய சில நிமிடங்களில், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வெளிறிய பலகை சாம்பலாகி, நீலம் பாய்ந்து, கறுப்பாகும். போதவில்லையா, மறுபடி கடுக்காய், மறுபடி இரும்பு. காய்ந்ததும் ஈரத்துணியால் துடைத்து, ஓர் இரவு உலரவிட்டு, அரக்கு ஒரு கை பூசி அடைத்துவிடுங்கள். பெயிண்ட் கறுப்பில் ரேகை மூடிவிடும். இதில் ரேகை கறுப்புக்குள்ளேயே தெரியும். துண்டுப் பலகையில் பார்க்காமல் இதைச் செய்யவே கூடாது, மரத்துக்கு மரம் மாறும்.

காப்புப் பூச்சு

அரக்குப் பாலிஷ் அழகு, பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் சூட்டைத் தாங்காது. டபரா டம்ளரில் சூடான காபியை அப்படியே வைத்தால் வெள்ளை வளையம் விழும். கண்ணாடிச் சட்டம், அலமாரி, நகைப்பெட்டி போன்றவற்றுக்கு அரக்கு அருமை. டீப்பாயின் மேல்பலகைக்கு வேண்டாம்.

வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயையோ நல்லெண்ணெயையோ தடவலாமா என்று கேட்பார்கள். அவை முழுக்கக் காய்ந்து இறுகாத எண்ணெய்கள். பிசுக்கேறித் தூசி பிடித்து, நாளடைவில் சிக்கு வாடை வரும். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகக்கூடியது. மெல்லியதாகத் தடவித் துடைத்து, நாள்கணக்கில் காயவிட்டு மூன்று நான்கு கை ஏற்றினால் மென்மையான ஒளி வரும். தண்ணீர்த் தடுப்பு சுமார்தான். ஓட்டு வீட்டுக் கைமரத்துக்கும் படகுக்கும் பூசுகிற முந்திரிக்கொட்டை எண்ணெய் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. தோலைப் புண்ணாக்கிவிடும் எண்ணெய் அது, உட்கார்ந்து புழங்கும் சாமானுக்கு வேண்டவே வேண்டாம்.

மெலமைன் பாலிஷும், இறுகவைக்கிற ஹார்டனரைக் கலந்து அடிக்கும் இரட்டை டப்பா பி.யூ.வும் உறுதியானவை. ஆனால் ஸ்ப்ரே, சுவாசக் கருவி, தனி அறை எல்லாம் இருக்கிற பாலிஷ்காரர்கள் செய்ய வேண்டியது அது. முதல் டீப்பாய்க்கு என் தேர்வு, ஒரே டப்பாவில் வரும் பி.யூ. எண்ணெய் வகை கொஞ்சம் தேன் நிறம் கூட்டும், அடுத்த கைக்கு ஏறக்குறைய ஒரு நாள் காத்திருக்க வேண்டும். நீர் வகை நிறம் மாற்றாது, வாடை குறைவு, சில மணி நேரத்திலேயே அடுத்த கை பூசலாம். நீங்கள் ஏற்றியது எண்ணெய் ஸ்டெயின் என்றால், அது முழுக்கக் காய்ந்த பிறகுதான் நீர் வகையைப் பூச வேண்டும். கறுப்பு மேசைக்கு நீர் வகையே பொருத்தம். மூன்றடிக்கு ஒன்றரை அடி டீப்பாய்க்கு மூன்று கை பூச அரை லிட்டர் தாராளம்.

முதல் கைக்கு டப்பாவில் சொல்லியிருக்கும் தின்னரைப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து நீர்க்கவையுங்கள். நீர் வகைக்குத் தண்ணீர். பிரஷ் நுனியை மட்டும் நனைத்து, மெல்லிய கையாக, ரேகையோடு ஒரே ஓட்டமாக இழுங்கள். போன இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். பூசும்போது விட்டுப்போன இடத்தை அடுத்த கையில் பார்த்துக்கொள்ளலாம், காயத் தொடங்கியதைத் தொட்டால் தடம் நிற்கும். ஒவ்வொரு கைக்கும் இடையில் 320 தாளால் எடையே வைக்காமல் தடவி, தூசியைத் துடைத்துவிட்டு அடுத்தது. ஓரங்களில் அழுத்தினால் நிறம் பெயர்ந்து வெள்ளை மரம் தெரிந்துவிடும், அங்கே கவனம். அடிப்பக்கத்துக்கும் ஒரு கையாவது பூசுங்கள். மேலே மட்டும் பூசினால் ஈரம் ஒரு பக்கமாகவே ஏறி இறங்கிப் பலகை வளையக்கூடும்.

அந்தத் துணிகளை என்ன செய்வது

இதைத் தவறாமல் படியுங்கள். ஆளிவிதை எண்ணெயோ எண்ணெய் வகை ஸ்டெயினோ துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், தீக்குச்சி இல்லாமலே அது பற்றிக்கொள்ளும். எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு வெளிப்படுகிறது. சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். சில மணி நேரம் கழித்து, எல்லோரும் தூங்கும்போதுகூடப் பற்றலாம். ஒவ்வொரு துணியையும் விரித்து, வீட்டுக்கு வெளியே கொடியில் தனித்தனியாகக் காயப்போடுங்கள். விறைத்துக் காய்ந்த பிறகு குப்பையில் போடலாம். அதற்கு வசதியில்லையென்றால் தண்ணீர் நிறைந்த வாளியில் அமுக்கி வையுங்கள்.

புழக்கத்துக்கு விடும் முன்

கடைசிக் கை காய்ந்து கையில் ஒட்டாமல் இருப்பதும், உள்ளே இறுகி முடிப்பதும் வேறு வேறு. எண்ணெய் வகை பி.யூ. முழுக்க இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். இரண்டு மூன்று நாளில் மேசையை எடுத்துப் புழங்கலாம், ஆனால் முதல் மாதம் சூடான பாத்திரம் வைக்காமலும் துணி விரித்து மூடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். துணியின் நெசவு பூச்சில் அப்படியே பதிந்துவிடும்.

கால்களின் அடிப்பாகத்தையும் மறந்துவிடாதீர்கள். அது வெட்டுமுனை, ஈரத்தை உறிஞ்சுகிற இடம். தினமும் ஈரத்துடைப்பான் போடுகிற வீட்டில் டீப்பாய் முதலில் உளுத்துப்போவது அங்கேதான். மேசையைக் கவிழ்த்து, நாலு காலின் அடியிலும் பூச்சைக் குடிக்கும் அளவுக்கு விடுங்கள். ஊறி இறங்கியதும் இன்னொரு முறை. மறுநாள் காய்ந்த பிறகு ரப்பர் குமிழ் அடித்து நிமிர்த்தி வையுங்கள்.